ஏழாவது தீர்மானம்

துறைத்தலைவர் ஸ்டீபன்ராஜ் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்தார். எதிரே உட்கார்ந்திருந்த வள்ளிக்கண்ணுவின் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"படிங்க மேடம். உங்க ஊர்த் தீர்மானம்தான்."

வள்ளிக்கண்ணு படித்தார். எழுத்து அச்சுப்போல் இருந்தது. ஓர் அடித்தல் இல்லை.

'தீர்மானம் எண் 7. இரண்டாம் ஆண்டு அரசியல் அறிவியல் வகுப்பில் நடைபெற்று வரும் மாதிரி கிராம சபைக் கூட்டங்களை உடனடியாக நிறுத்திவிட்டு, தேர்வுக்குரிய நோட்ஸை முன்போல் வழங்க வேண்டும் என்ற பொருள் மன்றத்தின் முடிவிற்கு வைக்கப்பட்டு, ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.'

பக்கத்திலேயே தலைவரின் கையெழுத்து, செயலரின் கையெழுத்து, அதன்கீழ் மற்றவர்கள். மொத்தம் நாற்பத்து நான்கு. வகுப்பே நாற்பத்து நான்கு பேர்தான்.

"நான் யாரையும் கேட்கல. காலையில வந்து கதவைத் திறந்தா கீழ கிடக்குது," என்றார் ஸ்டீபன்ராஜ். குரலில் வெற்றி இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. "அடுத்த வெள்ளிக்கிழமை பாடத்திட்ட போர்டு. ஒரு செமஸ்டர் சோதனைக்குத்தான் இந்தப் பேப்பரைக் கொடுத்தோம். பிள்ளைங்களே ஒட்டுமொத்தமா வேண்டாம்னு எழுதிக் கொடுத்தப்புறம் நான் எதை வச்சு அங்க பேசறது?"

வள்ளிக்கண்ணு தாளின் மேலிருந்த தேதியைப் பார்த்தார். போன வியாழக்கிழமைக் கூட்டத்தில் கடைசி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பேசப்பட்டவை ஆறு தீர்மானங்கள். ஏழாவது என்று ஒன்று யார் வாயிலும் வரவேயில்லை.

*

வள்ளிக்கண்ணுவுக்கு வயது முப்பத்தொன்பது. ஊர் மணப்பாறைக்குப் பக்கம். அப்பா ராமர் மாட்டுச் சந்தையில் தரகர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். மகள் எம்.ஏ. முடித்து, பிஎச்.டி. முடித்து, திருச்சியில் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் சேர்ந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கணவர் சரவணனுக்குத் தில்லை நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஸ்ரீரங்கத்தில் கீழ அடையவளைஞ்சான் தெருவில் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறார்கள். காலையில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அன்றைய பாடத்தை ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிவிடுவது அவர் வழக்கம்.

அவரைப் பிறவி ஆசிரியர் என்று சொல்லிவிட முடியாது. முதல் எட்டு ஆண்டுகள் எல்லோரையும் போலத்தான் அவரும் கற்பித்தார். வகுப்புக்குள் வந்ததும் நோட்டைப் பிரிப்பார். இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் என்று வரிசையாகச் சொல்வார். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதுவார்கள். அந்த வேலையில் அவருக்கு நல்ல பெயர். 'வள்ளிக்கண்ணு மேடம் நோட்ஸ்' என்று கேட்டால் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் சுருள் கம்பி போட்டுக் கையில் கொடுப்பார்கள். மற்றக் கல்லூரிப் பிள்ளைகளும் வாங்குவார்கள் என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை இருந்தது.

அந்தப் பெருமையை ஒரு மாணவி உடைத்தாள். மூன்றாமாண்டு படித்த ஜோதி, 'கிராம சபையின் அதிகாரங்கள்' என்ற வினாவுக்குப் பத்துக்குப் பத்து வாங்கியவள், ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு சாதாரணமாகக் கேட்டாள்:

"மேடம், காந்தி ஜெயந்தி அன்னைக்கு எங்க ஊர்ல மைக் போட்டுக் கூப்பிடுவாங்க. ஸ்கூல் முன்னாடி சேர் போட்டு நாலு பேர் உக்காந்திருப்பாங்க. போனா ஒரு டீகூட தர மாட்டாங்க. அதுக்குப் பேர்தான் கிராம சபையா?"

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். பன்னிரண்டு அதிகாரங்களையும் மனப்பாடமாக எழுதியவளுக்கு, அந்த அதிகாரம் தன் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது தெரியவில்லை. இந்தக் கேள்விக்கு வள்ளிக்கண்ணுவிடம் நோட்ஸ் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் ஸ்டீபன்ராஜின் அறைக்கு நடந்தார். உள்ளாட்சித் தாளைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம், நடத்திப் பார்க்க விடுங்கள் என்று கேட்டார். ஸ்டீபன்ராஜ் கெட்ட மனிதர் இல்லை. "மேடம், இதுங்க வீட்டுல முதல் தடவையா காலேஜுக்கு வந்திருக்கிற பிள்ளைங்க. இவங்களுக்கு வேண்டியது டிகிரி. அனுபவம் ஊர்லயே கிடைக்கும்," என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். அந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது என்பதும் வள்ளிக்கண்ணுவுக்குத் தெரியும். கடைசியில் இந்த ஜூன் மாதம் அவர் இறங்கி வந்தார்: ஒரு செமஸ்டர். அக்டோபரில் பாடத்திட்டக் குழு கூடி இருக்கட்டும் என்றால் இருக்கும். இல்லையென்றால் மறுபடியும் நோட்ஸ்தான், அதோடு இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது.

*

அப்படிப் பிறந்த ஊர்தான் கரைமேட்டுப்பட்டி. எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய பழைய வகுப்பறையில், வியாழக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் மட்டும் இருக்கும். யார் யார் எந்த வீட்டுக்காரர் என்பதை எவர்சில்வர் டப்பாவில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். திருவெள்ளறைப் பக்கத்திலிருந்து வரும் காளியாயிக்கு 'இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் பெரியவர்' கிடைத்தது. அப்துல் சலாமுக்கு 'விதவை உதவித்தொகைக்கு மூன்று முறை மனுக் கொடுத்த பெண்'. அவன் சீட்டைப் பிரித்ததும் வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். மேலப்புதூர்ப் பெண் ஜெஸ்லின் தலைவரானாள். காந்தி மார்க்கெட்டில் விடியற்காலையில் வெங்காய மூட்டை இறக்கிவிட்டு வகுப்புக்கு வரும் மதுரைவீரனுக்கு எழுத்து அழகு என்பதால் அவனைச் செயலராக்கினார்கள்.

முதல் மூன்று வாரம் ஊர் வாயே திறக்கவில்லை. "மேடம், இது எக்ஸாம்ல வருமா?" என்பது மட்டும்தான் கேள்வி. நான்காவது வாரம் குடிநீர்க் குழாயை எந்தத் தெருவில் போடுவது என்ற பொருள் வந்தது. ஜெஸ்லின் ஏதோ ஒரு தெருவைச் சொல்லி முடிப்பதற்குள் காளியாயி எழுந்துவிட்டாள்.

"பிரசிடெண்ட் அம்மா, நீங்க தினமும் ஷவர்ல குளிக்கிறவங்க. ஒரு நாள் எங்க தெருவுல வந்து குடத்தைத் தூக்கிப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க!"

"நீங்க ரெண்டு ஏக்கர் வச்சிருக்கிற பெரியவர்ங்க. நீங்க எங்க குடம் தூக்கினீங்க?" என்றாள் ஜெஸ்லின்.

"எங்க வீட்டு மருமக தூக்குறா! அவ சொல்லித்தான் வந்திருக்கேன்!"

அதற்குப் பிறகு ஊரை அடக்கத்தான் வேண்டியிருந்தது. அப்துல் சலாம் தன் உதவித்தொகைக்காக உண்மையான மனுப் படிவத்தையே வாங்கி வந்து, அதில் எந்த இடத்தில் ஆளைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று விரல் வைத்துக் காட்டினான். சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேட்டு அவர்களே நூலகத்துக்குப் போனார்கள். கடைசி பெஞ்சிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வள்ளிக்கண்ணு, தான் நினைத்தது நடந்துவிட்டது என்று முடிவுக்கு வந்தார். கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தார்.

ஏனென்றால் அந்த அறையில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. கூட்டம் தொடங்கியதும் முதல் வேலையாகத் தீர்மானப் புத்தகம் சுற்றி வரும். எல்லோரும் வலதுபக்கத் தாளில் கையெழுத்துப் போடுவார்கள். இடதுபக்கம் காலியாக இருக்கும். கூட்டம் முடிந்த பிறகு செயலர் அதில் தீர்மானங்களை எழுதிக்கொள்வான். இது யார் சொல்லியும் வந்ததில்லை. பிள்ளைகளின் ஊர்களில் அப்படித்தான். வள்ளிக்கண்ணுவின் ஊரிலும் அப்படித்தான். வருகைப் பதிவும் அதோடு முடிந்துவிடுவதால் அவருக்கும் சௌகரியமாக இருந்தது. அடுத்து, சென்ற கூட்டத் தீர்மானங்களை வாசிப்பது என்று முதல் பொருள் இருக்கும். ஜெஸ்லின் தலையை நிமிர்த்தாமலே கேட்பாள்: "வாசிச்சதா வச்சுக்கலாமா?" ஊர் ஒரே குரலில் சொல்லும்: "வச்சுக்கலாம்!" வள்ளிக்கண்ணு ஒவ்வொரு முறையும் சிரிப்பார். எவ்வளவு தத்ரூபமாக நடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். அந்த ஓரிடத்தில் மட்டும் அவர்கள் நடிக்கவில்லை என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

*

ஸ்டீபன்ராஜின் அறையிலிருந்து வெளியே வந்த வள்ளிக்கண்ணு, மதுரைவீரனை சைக்கிள் ஸ்டாண்டில் கண்டுபிடித்தார். தாளை நீட்டினார். அவன் வாங்கிப் பார்க்கவில்லை.

"நான்தான் எழுதினேன் மேடம்."

"ஏம்ப்பா?"

"நான் யாரு கையெழுத்தையும் போடல மேடம். எல்லாம் அவங்க போட்டதுதான். எங்க ஊர்ல கிளார்க் இப்படித்தான் அப்புறமா எழுதிக்குவாரு. யாரும் தப்புன்னு சொன்னதில்ல."

"நோட்ஸ் வேணும்னா என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். ரெண்டு தடவ." அவன் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "நீங்க சிரிச்சிக்கிட்டே, கூட்டத்துல பேசுன்னீங்க. ஆனா செயலர் எழுதணும், பேசக்கூடாதுன்னு மொத நாளே சொன்னதும் நீங்கதான். எனக்கு மூணு அரியர் இருக்கு மேடம். இவங்க எல்லாம் கத்துறதை எழுதி எழுதி எனக்குக் கைதான் வலிக்குது. நான் எங்க போய்ப் பேசுறது?"

வள்ளிக்கண்ணுவுக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அது போக இடமில்லாமல் அப்படியே நின்றது. நாற்பத்து நான்கு பேருக்குப் பேச இடம் கொடுக்கிறேன் என்று ஒரு ஊரையே உண்டாக்கிவிட்டு, ஒருவனை மட்டும் வாயைக் கட்டி உட்கார வைத்திருக்கிறார். அவன் கையில் பேனாவையும் கொடுத்திருக்கிறார்.

சாயங்காலம் வீட்டில் சரவணனிடம் சொன்னார். சரவணன் முழுவதும் கேட்டுவிட்டு, "இதுல யோசிக்க என்ன இருக்கு? பேசாத தீர்மானத்தை எழுதியிருக்கான், மோசடின்னு ஒரு வரி எழுதிக் குடு. உன் பேப்பர் தப்பிச்சுரும்," என்றார்.

"தப்பிச்சுரும். அவனை வெளியே அனுப்பிருவாங்க."

"அவன் உன்னைப் பத்தி யோசிச்சானா?"

"அவனை விடுங்க. மத்த நாப்பத்தி மூணு பேரு காலித் தாள்னு தெரிஞ்சேதானே கையெழுத்துப் போட்டாங்க? அதை ஒவ்வொரு வாரமும் பாத்துக்கிட்டுக் கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தவ நான்."

சரவணன் சிரித்தார். "ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடறேன். பொண்டாட்டிக்குப் பவர் ஏறினது எனக்குத் தெரியல பாரு."

"கிண்டல் பண்ணாதீங்க. மோசடின்னு நான் எழுதிக் குடுத்தா பேப்பர் மிஞ்சும். ஆனா அந்தப் பேப்பர்ல சொல்லிக் கொடுக்க என்கிட்ட எதுவும் மிஞ்சாது."

கையெழுத்து என்பது ஒப்புதலா, ஒப்புதலின் நிழலா என்று கேட்டுக்கொண்டு எத்தனையோ பேர் எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். வள்ளிக்கண்ணு அவற்றில் சிலவற்றைப் பரீட்சைக்காகப் படித்தவர். அன்றைக்கு அவருக்கு அவை எதுவும் உதவவில்லை. உதவியது, நிகழ்ச்சிநிரலில் வாரா வாரம் தாண்டிப்போன முதல் வரிதான்.

மறுநாள் அவர் ஸ்டீபன்ராஜிடம் போனார். "சார், வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் பார்வையாளரா வாங்க. அதுக்கப்புறம் போர்டுல என்ன சொல்லணுமோ சொல்லுங்க. நான் எதிர்த்து ஒரு வார்த்தை எழுத மாட்டேன்."

"அங்க வந்து என்ன பேசப் போறீங்க?"

"நான் பேசப் போறதில்ல சார்."

ஸ்டீபன்ராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்களால முடியுமா மேடம்?" நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போல் கேட்டார்.

*

வியாழக்கிழமை காலையில் வள்ளிக்கண்ணு கரும்பலகையில் இரண்டு வரிகள் எழுதினார். 'செயலரும் இந்த ஊர்க்காரரே, பேசலாம், வாக்களிக்கலாம்.' அதன்கீழ், 'முதல் பொருளைத் தாண்ட வேண்டாம்.' சுண்ணாம்புக் கட்டியை வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனார். ஸ்டீபன்ராஜ் ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தார். புத்தகம் வழக்கம்போலச் சுற்றி வந்தது. வழக்கம்போல எல்லோரும் காலித் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். வள்ளிக்கண்ணு வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"போன கூட்டத் தீர்மானம்…" என்று தொடங்கிய ஜெஸ்லின் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். "சரி, செயலர் வாசிங்க."

மதுரைவீரன் எழுந்தான். ஒன்று, இரண்டு என்று வாசித்தான். யாரும் கேட்கவில்லை, சிலர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவதை வாசித்து முடித்து நிறுத்தினான். அங்கேயே முடித்திருக்கலாம். புத்தகம் அவன் கையில்தான் இருந்தது. ஒரு நொடி கடைசி பெஞ்சைப் பார்த்தான். பிறகு ஏழாவதை ஒரு சொல் விடாமல் வாசித்தான்.

"'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.'"

முதலில் நிமிர்ந்தது காளியாயி. "என்னது? திரும்ப வாசி."

திரும்ப வாசித்தான்.

"இதை யார்ரா சொன்னது? நான் எப்ப கை தூக்கினேன்?"

"உன் கையெழுத்து இருக்கு," என்றான் மதுரைவீரன். "பதினாறாவது. காளியாயினு முழுசா எழுதி கீழ கோடு வேற போட்டிருக்க."

"நான் வந்ததுக்குப் போட்டேன்டா, இதுக்கா போட்டேன்?"

"தாள்ல எதுக்குன்னு எழுதியிருந்துச்சா?"

அறை கொதித்தது. பொய், துரோகி என்று நாலு பக்கமும் குரல்கள். 'மூட்டை தூக்குறவன் புத்தியைக் காட்டிட்டான்' என்று யாரோ ஒருவன் பின்னாலிருந்து சொன்னான். அப்துல் சலாம் பெஞ்சைத் தட்டி, "அதைச் சொன்னவன் எந்திரிச்சு மன்னிப்புக் கேளு, இல்ல சபையை விட்டுப் போ," என்று கத்தினான். அந்தப் பையன் எழுந்து முனகலாக மன்னிப்புக் கேட்டான். வள்ளிக்கண்ணு பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பதினோரு ஆண்டுப் பழக்கம் அவரை எழுந்திருக்கச் சொன்னது.

அவருக்கு முன்னால் ஸ்டீபன்ராஜ் எழுந்துவிட்டார். "போதும். யார் எழுதினதுன்னு தெரிஞ்சுபோச்சு. மதுரைவீரன், நீ நாளைக்குக் காலையில உங்க அப்பாவைக் கூட்டிக்கிட்டு…"

"சார்," என்றாள் ஜெஸ்லின்.

அவள் குரல் அவளுக்கே எதிர்பாராததாக இருந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "மன்னிக்கணும் சார். பார்வையாளர் பேசணும்னா மன்றத்தோட அனுமதி வேணும்."

இருபத்தாறு ஆண்டுப் பணியில் ஸ்டீபன்ராஜை ஒரு மாணவி உட்காரச் சொன்னதில்லை. அவர் ஜெஸ்லினைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்தது மட்டுமில்லை, "சாரி, மேடம் பிரசிடெண்ட்," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன்," என்றாள் ஜெஸ்லின். "தலைவர்னு நானும் காலித் தாள்லதான் போட்டேன். அதுவும் எல்லாருக்கும் முன்னாடி. வாசிச்சதா வச்சுக்கலாமான்னு வாரா வாரம் கேட்டதும் நான்தான். அதனால ஏழாவது தீர்மானம் செல்லாதுன்னு நான் மட்டும் சொல்ல முடியாது. சபைதான் சொல்லணும்."

சொன்னார்கள். பேசப்படாத பொருள் தீர்மானமாகாது என்று காளியாயி முன்மொழிந்தாள், கைகள் உயர்ந்தன. இனிமேல் தீர்மானம் சபையிலேயே எழுதப்பட வேண்டும், உரக்க வாசிக்கப்பட வேண்டும், கடைசி வரிக்குக் கீழே கோடு இழுக்க வேண்டும், அதற்குப் பிறகே கையெழுத்து என்று அப்துல் சலாம் முன்மொழிந்தான். வருகைக்குத் தனி நோட்டு என்று யாரோ சேர்த்தார்கள். சற்றுமுன் கையெழுத்திட்ட தாளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. குறுக்கே இரண்டு கோடு போட்டு 'ரத்து' என்று எழுதினார்கள். வள்ளிக்கண்ணு ஒரு செமஸ்டர் முழுவதும் சொல்லியிருந்தாலும் இவ்வளவு சுத்தமாக ஒரு விதியைப் புரியவைத்திருக்க முடியாது. அவர்கள் அதைத் தங்கள் கையெழுத்தின் விலையில் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அத்தோடு முடிந்திருந்தால் அது ஒரு நல்ல வகுப்பு, அவ்வளவுதான். ஜெஸ்லின் முடிக்கவில்லை. "செயலர், நீங்க எழுதினது செல்லாது. ஆனா நீங்க கேட்டது தப்புன்னு யாரும் இன்னும் சொல்லல. இப்ப நேராக் கேளுங்க."

மதுரைவீரன் பேனாவைக் கீழே வைத்தான்.

"எனக்கு நோட்ஸ் வேணும். நான் நாலு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போறேன், ஒம்பது மணிக்கு இங்க வரேன். சாயங்காலம் புத்தகம் எடுத்து நானா தேடிப் படிக்க எனக்கு நேரமும் இல்ல, தெம்பும் இல்ல. நீங்க இங்க குழாய்ச் சண்டை போடுறது நல்லாத்தான் இருக்கு. நானும் உள்ளுக்குள்ள சிரிச்சிருக்கேன். ஆனா பரீட்சையில குழாயைப் பத்திக் கேட்க மாட்டாங்க. நான் பாஸாகலேன்னா எங்க வீட்டுல என்னோட படிப்பு நிக்கும். அதுக்கு இந்த ஊர் என்ன வழி சொல்லுது?"

அந்த அறையில் இத்தனை வாரங்களில் பேசப்பட்டவற்றில் இதுதான் சிறந்த பேச்சு. ஸ்டீபன்ராஜின் வாதமும் இதுவேதான். ஆனால் அவர் அதை இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. வகுப்பில் பத்துப் பதினைந்து தலைகள் தயங்காமல் ஆமோதித்தன. தான் தோற்றுவிட்டதாக வள்ளிக்கண்ணு நினைத்தார். தோற்பது நியாயம்தான் என்றும் நினைத்தார். வாயை மட்டும் திறக்கவில்லை.

காளியாயி மெதுவாக எழுந்தாள். "திருத்தம் சொல்லலாமா?"

"சொல்லுங்க பெரியவரே."

"கூட்டம் நிக்கக் கூடாது. நோட்ஸும் வேணும். மேடம் எழுதவைக்க வேண்டாம், நாம எழுதுவோம். வாரத்துக்கு அஞ்சு பேர். அந்த வாரம் இங்க எதைப் பத்திச் சண்டை வந்துச்சோ, அது சிலபஸ்ல எந்த யூனிட்டுன்னு பாத்து எழுதி, திங்கக்கிழமைக்குள்ள எல்லாருக்கும் கொடுக்கணும். மேடம் திருத்தித் தரட்டும். மார்க்கெட்டுக்குப் போறவங்க, வேலைக்குப் போறவங்களுக்கு எழுதுற முறை கிடையாது. அவங்க வாசிச்சா போதும்."

"ஐயோ, சலுகை வேண்டாம்," என்றான் மதுரைவீரன்.

"சலுகை இல்லடா. நீ ஏற்கனவே ஊருக்கே எழுதிக்கிட்டிருக்க."

முக்கால் மணி நேரம் பேசினார்கள். எழுதினவர்கள் தப்பாக எழுதினால் என்ன செய்வது, எழுதாமல் ஏமாற்றினால் என்ன தண்டனை, எல்லாம் பேசினார்கள். கடைசியில் கை தூக்கினார்கள். ஆதரவு இருபத்தொன்பது. எதிர்ப்பு பதின்மூன்று, அதில் மதுரைவீரனும் ஒருவன். இரண்டு பேர் நடுநிலை. அவன் உட்கார்ந்து எழுதினான். எழுந்து நின்று உரக்க வாசித்தான்: "'…என்ற திருத்தம் மன்றத்தின் முடிவிற்கு வைக்கப்பட்டு, ஏகமனதாக…'"

"டேய்!" என்று நாற்பது குரல்கள் ஒன்றாக எழுந்தன. "நீயே எதிர்த்துதானடா கை தூக்கின! அப்புறம் என்ன ஏகமனது?"

மதுரைவீரன் தாளைப் பார்த்தான். கை தன் பழக்கத்துக்கு எழுதியிருந்தது. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சொல்லை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, '29 - 13 - 2' என்று எழுதினான். மறுபடி வாசித்தான். கோடு இழுத்தான்.

செயலரை மாற்றலாமா என்று யாரோ கேட்டார்கள். "அவரே இருக்கட்டும்," என்றாள் காளியாயி. "எழுத்து அழகா இருக்கு. வாசிக்கவும் கத்துக்கிட்டாரு."

வெளியே போகும்போது ஸ்டீபன்ராஜ் வாசலில் நின்றார். "அந்தப் புத்தகத்தை நாளைக்கு ஒரு நாள் நான் எடுத்துக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். வள்ளிக்கண்ணுவிடம் அல்ல, ஜெஸ்லினிடம்.

*

மறுநாள் பாடத்திட்டக் குழு கூடிய அதே நேரத்தில், முடியாமல் நின்றுபோன பொருள்களுக்காகக் கரைமேட்டுப்பட்டி ஓர் அவசரக் கூட்டம் போட்டிருந்தது. வள்ளிக்கண்ணு வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு ஸ்டீபன்ராஜ் வந்து அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"வெளியிலேர்ந்து வந்த மெம்பர், இது விளையாட்டு மாதிரி இருக்கேன்னாரு. நான் எதுவும் பேசல மேடம். அந்தப் பக்கத்தைத் திறந்து முன்னாடி வச்சேன். ரத்துன்னு கோடு போட்ட தாள், அடிச்ச ஏகமனது, இருபத்தொம்பது பதிமூணு ரெண்டு. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம், எங்க ஊர்ப் புத்தகத்துல இப்படி ஒரு பக்கம் இருந்திருந்தா நல்லாயிருக்கும்னாரு." ஸ்டீபன்ராஜ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பேப்பர் நிரந்தரம். பாதி மதிப்பெண் கூட்டத்துக்கு, பாதி எழுத்துக்கு. அடுத்த வருஷம் முதலாமாண்டுக்கும் ஒண்ணு வேணுமாம். யோசிச்சு வைங்க." இரண்டடி நடந்தவர் திரும்பினார். "நேத்து நீங்க பேசவே இல்ல. நான் பந்தயம் கட்டியிருந்தா தோத்திருப்பேன்."

பதினோரு ஆண்டில் அவர் சொன்ன முதல் பாராட்டு அது. வள்ளிக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தார். இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும், ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி நன்றி சொல்ல வேண்டும் என்று முன்னால்வரை நடந்தார்.

உள்ளே தெருவிளக்கு விவகாரம் உச்சத்தில் இருந்தது. சுடுகாட்டுப் பாதைக்கு விளக்கு எதற்கு என்று ஒரு கூட்டம். நாங்கள் பொழுது சாய்ந்து அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறோம் என்று பெண்கள். மதுரைவீரன் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு மேசையைத் தட்டி எதற்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஜெஸ்லின் யாரையோ உட்காரச் சொன்னாள், அவர் உட்காரவில்லை. வள்ளிக்கண்ணு வந்து நிற்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

அவர் அரை நிமிடம் நின்றார். பிறகு சத்தமில்லாமல் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, யார் பேசுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார்.